ஹல் ஹவுஸ்: கணக்கு எடுத்தவர்கள், காசு கொடுத்தவர்கள்

ஜேன் ஆடம்ஸ் என்றால் 1931-ல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அமெரிக்கப் பெண்மணி என்று பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு வரி இருக்கும். அவர் சிகாகோ நகரத்தில் ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளத்துக்குக் குப்பை இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தது அந்த வரியில் வராது. எனக்கு நோபலைவிடக் குப்பைதான் முக்கியமாகப் படுகிறது. படித்தவர்கள் ஏழைகளின் தெருவிலேயே குடியிருந்து வேலை செய்த செட்டில்மென்ட் இயக்கம் எப்படி நடந்தது, எங்கே சறுக்கியது என்பதெல்லாம் அந்தக் குப்பைக் கதைக்குள்ளேயே கிடக்கிறது. அதற்கு வருவதற்கு முன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1884-ல் லண்டன் வைட்சேப்பலில் பாதிரியார் சாமுவேல் பார்னெட்டும் அவர் மனைவி ஹென்ரியட்டாவும் தொடங்கிய டாயின்பி ஹால்தான் இந்த வகையில் முதல் வீடு. ஏழைகளுக்கு உதவ நினைக்கும் படித்தவர்கள் தெருவுக்கு வந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகாமல், அதே தெருவில் அறை எடுத்துத் தங்க வேண்டும் என்பதுதான் திட்டம். பகலில் தங்கள் பிழைப்பைப் பார்க்கலாம். மாலையில் வகுப்பு, சங்கம், விவாதம். இந்தியா சுதந்திரம் அடைந்தபோது பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளமென்ட் அட்லி இளவயதில் அங்கே செயலாளராக இருந்தவர். 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன காந்தி ஓட்டலை விட்டுவிட்டுத் தங்கிய கிங்ஸ்லி ஹால், கிழக்கு லண்டனில் மியூரியல் லெஸ்டர் நடத்திய இதே மாதிரியான வீடு.

அமெரிக்காவில் 1886-லேயே நியூயார்க்கில் ஸ்டான்டன் காய்ட் ஒன்றைத் தொடங்கிவிட்டார். ஆனால் இயக்கத்துக்கு முகவரியாக நின்றது, 1889 செப்டம்பர் 18 அன்று ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் குடிபுகுந்த ஹல் ஹவுஸ்.

வீடு 1856-ல் சார்லஸ் ஹல் என்ற வியாபாரி கட்டியது. இவர்கள் போனபோது ஒரு பக்கம் சவ அடக்கம் செய்து கொடுப்பவரின் கடை, மறுபக்கம் சாராயக்கடை. கீழ்த்தளத்தில் பின்னாலிருந்த தொழிற்சாலையின் ஆபீசும் சரக்கறையும். ஹல்லின் உறவினரும் வாரிசுமான ஹெலன் கல்வரிடம் முதலில் மாடியையும் கீழே ஒரு கூடத்தையும் மட்டும்தான் வாடகைக்கு எடுத்தார்கள். அடுத்த வசந்தத்தில் கல்வர் வாடகையே வேண்டாமென்று முழு வீட்டையும் விட்டுக்கொடுத்தார். இந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் ஹல் ஹவுஸ் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூடியிருக்கும் என்பது என் கணிப்பு. ஆடம்ஸின் கையில் இருந்தது அப்பா விட்டுப்போன சொத்து. பழுதுபார்ப்பு, சாமான், சாப்பாடு என்று அது கரைந்துகொண்டே இருந்தது. கட்டடங்கள் பெருகி 1907-ல் பதின்மூன்று ஆனபோது, பணத்தில் கணிசமான பங்கு மேரி ரோஸட் ஸ்மித், லூயிஸ் போவன் என்ற இரண்டு பணக்காரப் பெண்களிடமிருந்து வந்தது. மேடையில் பேசியவர்களின் பெயர்கள் நிலைத்தன. காசோலையில் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அடிக்குறிப்புகளில் தங்கிவிட்டன.

அங்கே தங்கியவர்களுக்கு 'ரெசிடென்ட்' என்று பெயர். சம்பளம் கிடையாது. அறைக்கும் சாப்பாட்டுக்கும் அவரவரே பணம் கட்ட வேண்டும். புதிதாக வருபவர் முதலில் கொஞ்ச காலம் தங்கிப் பார்க்க வேண்டும், பிறகு மற்ற ரெசிடென்ட்கள் வாக்களித்துச் சேர்த்துக்கொள்வார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் முறை இது இல்லை, கூட்டுக்குடித்தனத்துக்கு ஆள் சேர்க்கும் முறை. இதிலிருக்கும் சிக்கலை உடனே கண்டுபிடித்துவிடலாம்: கையில் காசோ வேறு வருமானமோ இல்லாதவர் உள்ளே வர முடியாது. அதனால்தான் சிலருக்கு நன்கொடையாளர்கள் மாத உதவித்தொகை ஏற்பாடு செய்தார்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் இயக்கத்தின் கூர்மையான மூளைகள் சில வெளியிலேயே நின்றிருக்கும்.

இரண்டாம் ஆண்டில் வாரத்துக்கு 2,000 பேர் வந்துபோனார்கள் என்பார்கள். மழலையர் பள்ளி, இரவு வகுப்பு, தையல், இசை, நாடகம் என்று பட்டியல் நீளும். அதில் நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை. தோற்றுப்போன ஒன்றைப் பார்ப்போம்.

பொதுச் சமையலறை. தையல் வேலைக்காரப் பெண்கள் பகலெல்லாம் ஊசியும் கையுமாக இருந்ததால் வீட்டில் அடுப்பு எரியவில்லை, பிள்ளைகள் கடைத் தின்பண்டத்தில் வயிற்றை நிரப்பினார்கள் என்று ஆய்வில் தெரிந்தது. பாஸ்டனில் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் சத்துணவு அறிவியலை வைத்து நடத்திய சமையலறையைப் பார்த்துவர ஒரு ரெசிடென்ட் போனார். மலிவான இறைச்சித் துண்டுகளை மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைத்துச் சூப்பாகவும் குழம்பாகவும் ஆக்கி விற்பதுதான் முறை. புரதக் கணக்கு, செலவுக் கணக்கு இரண்டும் சரியாக வந்தன. ஜனங்கள் வாங்கவில்லை. இத்தாலியர், யூதர், போஹீமியர், ஐரிஷ்காரர் என்று பல நாட்டு நாக்குகள் இருந்த தெருவில், பாஸ்டன் சுவையில் ஒரே மாதிரி சூப்பை ஊற்றினால் யார் குடிப்பார்கள்? சத்துக்காகச் சாப்பிடுவதைவிடப் பிடித்ததைத்தான் சாப்பிடுவேன் என்று ஒரு பெண்மணி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டதை ஆடம்ஸே எழுதியிருக்கிறார். ஆனால் சமையலறையோடு ஒட்டி வைத்த காபிக்கடை பிடித்துக்கொண்டது. ஜனங்களுக்குத் தேவைப்பட்டது சாராயக்கடைக்கு வெளியே உட்கார்ந்து பேச ஓர் இடம்.

இதற்கு நேர் எதிர் ஜேன் கிளப். 1890-களின் தொடக்கத்தில் செருப்புத் தொழிற்சாலை ஸ்ட்ரைக் ஒன்றில் முதலில் பணிந்தவர்கள் விடுதியில் தங்கியிருந்த பெண்கள். வாரக் கடைசியில் விடுதிப் பணம் கட்டியாக வேண்டும், கட்டாவிட்டால் தெருவில் நிற்க வேண்டும். நமக்கென்று சொந்தமாக ஒரு விடுதி இருந்தால் ஸ்ட்ரைக்கில் ஒருவருக்கொருவர் தாங்கலாமே என்ற யோசனை அந்தப் பெண்களிடமிருந்தே வந்தது. தொழிற்சங்கத்தில் இருந்த மேரி கென்னி முன்னால் நின்றார். ஹல் ஹவுஸ் செய்தது இரண்டே காரியம்: முதல் மாத வாடகையைக் கட்டியது, சாமான் கொடுத்தது. அதன்பின் ஒதுங்கிக்கொண்டது. ஆளுக்கு வாரம் 3 டாலர் சந்தா, எப்போதாவது சிறு கூடுதல் வசூல், அவ்வளவில் எல்லாச் செலவும் நடந்தது. மூன்று ஆண்டுகளில் ஐம்பது பேர் சேர்ந்து, அந்தக் கட்டடத்தின் ஆறு குடியிருப்புகளையும் பிடித்துவிட்டார்கள். பின்னால் தனிக் கட்டடம் கட்ட ஒருவர் 20,000 டாலர் தர முன்வந்தார். தன் நிறுவனத்தில் பெண்களுக்கு அடிமாட்டுச் சம்பளம் கொடுப்பவர் என்று பெயர் எடுத்த மனிதர் அவர். பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டடம் வேறு பணத்தில் 1898-ல் வந்தது.

1891 டிசம்பர் கடைசியில் ஃப்ளோரன்ஸ் கெல்லி மூன்று பிள்ளைகளோடு கணவனை விட்டு வந்து கதவைத் தட்டினார். இலக்கிய வாசிப்பு வட்டமாகவே நின்றிருக்கக்கூடிய வீட்டைப் புள்ளிவிவர ஆபீசாக மாற்றியவர் இவர்தான். 1893-ல் வாஷிங்டனின் தொழிலாளர் துறை நான்கு நகரங்களின் சேரிகளைக் கணக்கெடுத்தபோது சிகாகோவின் பொறுப்பு கெல்லிக்குக் கிடைத்தது. வடக்கே போல்க் தெரு, தெற்கே 12-ம் தெரு, மேற்கே ஹால்ஸ்டெட், கிழக்கே ஸ்டேட் தெரு. மொத்தம் ஒரு சதுர மைலில் மூன்றில் ஒரு பங்கு. அரசாங்கம் அனுப்பிய நான்கு கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாக, அறை அறையாக ஏறி இறங்கி அட்டவணையை நிரப்பினார்கள். அட்டவணைகள் தலைநகருக்குப் போவதற்கு முன் ரெசிடென்ட்கள் உட்கார்ந்து அத்தனையையும் நகல் எடுத்துக்கொண்டார்கள். இதுதான் சாமர்த்தியம். அரசாங்க அறிக்கையில் நகரத்தின் சராசரி எண்கள் மட்டும் வரும். இவர்கள் கையில் ஒவ்வொரு மனைக்கும் உரிய எண் இருந்தது.

அந்த எண்களை வைத்து இரண்டு வரைபடங்கள் வந்தன, 1895-ல் புத்தகமாக. ஒன்றில் எந்த மனையில் எந்த நாட்டுக்காரர்கள், இன்னொன்றில் குடும்பத்தின் வாரக் கூலி. கூலி வரைபடத்தின் நிறங்கள்: 5 டாலர் வரை கறுப்பு, 5 முதல் 10 வரை நீலம், 10 முதல் 15 வரை சிவப்பு, 15 முதல் 20 வரை பச்சை, அதற்கு மேல் மஞ்சள். லண்டனில் சார்லஸ் பூத் போட்ட வறுமை வரைபடம்தான் முன்மாதிரி. ஆனால் பூத் தெருவுக்கு ஒரு நிறம் தீட்டினார், இவர்கள் மனைக்கு மனை தீட்டினார்கள்.

கூலியைக் கணக்கிட்ட முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். வாரம் எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்று கேட்டு அப்படியே எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும். சாலை வேலை, ரயில்பாதை வேலை, தையல் எல்லாமே பருவத்துக்கு ஒருமுறை படுத்துக்கொள்ளும் தொழில்கள். அதனால் ஆண்டில் எத்தனை வாரம் வேலை இல்லை என்று முதலில் கேட்டார்கள். அதை 52-லிருந்து கழித்து, மீதி வாரங்களை வாரக் கூலியால் பெருக்கி, வந்ததை மறுபடி 52-ஆல் வகுத்தார்கள். வாரம் 10 டாலர் என்று சொல்லும் ஒருவருக்கு 22 வாரம் வேலை இல்லை என்றால் அவருடைய உண்மையான வாரக் கூலி 5 டாலர் 77 சென்ட். பிறகு வீட்டில் சம்பாதிக்கும் ஒவ்வொருவருக்கும் இதே கணக்கைப் போட்டுக் கூட்டினால் குடும்ப வருமானம். அப்படிக் கூட்டிய பிறகும் கறுப்பாகவே நின்ற மனைகளைப் பார்க்கும்போதுதான் வரைபடம் சுடும். குறிப்புகளை எழுதிய ஆக்னஸ் ஹோல்புரூக்கின் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. சமூகவியல் மாணவர்கள் அந்தக் குறிப்புகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

எண்கள் சட்டமாகியது ஒரு முறைதான் வேகமாக நடந்தது. வீட்டுக்குள் நடக்கும் தையல் பட்டறைகளைப் பற்றிக் கெல்லி சேகரித்த விவரங்களை வைத்து 1893-ல் சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டம் போட்டது. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைத் தொழிற்சாலையில் வைக்கக்கூடாது. 14 முதல் 16 வரை என்றால் வயதுக்குப் பெற்றோரின் சத்தியப் பிரமாணப் பத்திரம் வேண்டும். அந்தப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வேலை நடக்கும் அறையின் சுவரில் ஒட்ட வேண்டும். பெண்களுக்கு நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை. கவர்னர் ஆல்ட்கெல்ட் கெல்லியையே தலைமை இன்ஸ்பெக்டராக நியமித்தார். அவரையும் சேர்த்து மொத்தம் 12 பேர். அதில் ஐந்து பெண்கள் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது.

ஓட்டை எங்கே இருந்தது என்றால், அந்தச் சத்தியப் பத்திரத்தில். நோட்டரிக்குச் சில்லறை கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளைக்கும் பதினான்கு என்று முத்திரை விழும். பிள்ளையின் கூலி இல்லாமல் அடுப்பு எரியாத வீட்டில் பெற்றோரைக் குறை சொல்லியும் பயனில்லை. பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத ஊரில் வயதை நிரூபிக்கும் சுமையைக் காகிதத்தில் ஏற்றியதுதான் தவறு. இன்ஸ்பெக்டர்களிடம் இருந்த நல்ல ஆயுதம் வேறு: பார்த்தாலே நோஞ்சானாகத் தெரியும் பிள்ளைக்கு மருத்துவரின் சான்றிதழ் கேட்கலாம். இன்னொரு ஓட்டை நீதிமன்றம். பதினொரு வயதுப் பையன் ஒருவன் படச் சட்டங்களுக்கு நச்சு கலந்த பொன்பூச்சு பூசும் வேலையில் ஒரு கையின் இயக்கத்தையே இழந்தான். அந்த வழக்கை நடத்தச் சொல்லி அரசு வக்கீல் ஆபீசுக்குப் போன கெல்லியிடம், இதை எடுத்து நடத்த வருடக்கணக்கில் ஆகும் என்றார்கள். கெல்லி நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்து, 1895-ல் பட்டத்தோடு வெளியே வந்தார். அதே ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் 8 மணி நேரப் பிரிவை ரத்து செய்தது. ஒரு பெண் எத்தனை மணி நேரத்துக்கு வேண்டுமானாலும் ஒப்பந்தம் போட்டுக்கொள்வது அவள் சுதந்திரமாம். ஆல்ட்கெல்ட் தேர்தலில் தோற்றதும் கெல்லியின் வேலையும் போனது. அவர் இடத்துக்கு வந்தவர், பிள்ளைகளை வைத்து வேலை வாங்கிய கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் நீண்ட காலம் இருந்தவர்.

இதிலிருந்து கெல்லி கற்றது 1908-ல் பலித்தது. ஓரிகான் மாநிலத்தின் 10 மணி நேரச் சட்டம் வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, கெல்லி நடத்திய நுகர்வோர் லீகின் ஜோசஃபின் கோல்ட்மார்க் உட்கார்ந்து உலகம் முழுவதுமிருந்து மருத்துவ அறிக்கை, தொழிற்சாலை அறிக்கை என்று திரட்டிக் கொடுத்தார். வக்கீல் லூயிஸ் பிராண்டைஸ் தாக்கல் செய்த மனு நூறு பக்கத்துக்கு மேல். அதில் சட்ட வாதம் ஏறக்குறைய இரண்டே பக்கம். சட்டம் நின்றது. மனுவுக்குப் பிராண்டைஸ் பெயரே நிலைத்தது. உண்மையில் அது கோல்ட்மார்க்கின் உழைப்பு.

சரி, குப்பைக்கு வருவோம்.

ஹல் ஹவுஸ் இருந்த 19-வது வார்டில் ஏறத்தாழ 50,000 பேர். குப்பை போடுவதற்கு நடைபாதையோடு சேர்த்து அடித்த பெரிய மரப்பெட்டிகள். அவற்றைக் காலி செய்வது காண்டிராக்டர் வேலை, காண்டிராக்ட் கொடுப்பது கவுன்சிலர் கை. பெட்டி நிரம்பி வழியும், பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடுவார்கள். சும்மா புகார் எழுதிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பிறகு ஹல் ஹவுஸ் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பேர் மாலைகளில் சந்து சந்தாகப் போய்க் குறிப்பெடுத்தார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டே மாதங்களில் சுகாதாரத் துறைக்குப் போன உறுதி செய்யப்பட்ட புகார்கள் 1,037. வீட்டு வேலை முடித்து, கோடைப் புழுக்கத்தில், நாற்றத்துக்குள் நடந்து எழுதிய ஆயிரத்துச் சொச்சம் வரிகள். அப்போதும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

1895 வசந்தத்தில் ஆடம்ஸ் வார்டின் குப்பை காண்டிராக்டுக்குத் தானே டெண்டர் போட்டார். ஏதோ நுட்பக் குறை காட்டி ஒதுக்கினார்கள். ஆனால் செய்தி பரவியதில் மேயருக்குச் சங்கடம். ஆடம்ஸையே வார்டு குப்பை இன்ஸ்பெக்டராக நியமித்துவிட்டார். தினம் காலை ஆறு மணிக்குள் எழுந்து வண்டிகள் கிளம்புகின்றனவா என்று பார்ப்பது, குதிரை வண்டியில் அவற்றின் பின்னாலேயே கொட்டும் இடம் வரை போவது, ஒழுங்கான பெட்டி வைக்காத வீட்டுக்காரர்களைக் கோர்ட்டுக்கு இழுப்பது, தன் லாயச் சாணத்தையும் குப்பையோடு ஏற்றிவிடப் பார்த்த குடித்தனக்காரரைப் பிடித்துக் கொடுப்பது. வார்டுக்கு ஒன்பது வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. காண்டிராக்டரை நெருக்கிப் பதின்மூன்றாக்கி, பிறகு பதினேழாக்கினார்கள். செத்த விலங்குகளின் கதை இன்னும் ருசிகரம். அவற்றை அகற்ற ஒரு காண்டிராக்டருக்கு நகரம் தாராளமாகப் பணம் கொடுத்தது. அவரோ போலீஸ் வண்டிகளை வைத்து இலவசமாக எடுக்க வைத்து, இந்தியானாவில் இருந்த சோப்புத் தொழிற்சாலைக்கு ரயிலில் ஏற்றி நல்ல விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார். அந்தத் தொழிற்சாலையின் பெரிய பங்குதாரரும் அவரேதான். ஒரு குறுகிய தெருவில் மண்ணென்று எல்லோரும் நினைத்ததைச் சுரண்டினால் 18 அங்குலத்துக்குக் கீழே கல் பாவிய தளம் தெரிந்தது. வார்டின் சாவு விகிதம் நகரத்தில் மூன்றாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

ஆடம்ஸுக்குப் பின் பொறுப்பேற்ற அமாண்டா ஜான்சன் அரசுத் தேர்வும் எழுதித் தேறி அந்த வேலையைத் தொடர்ந்தார். கடைசியில் கவுன்சிலர் ஜானி பவர்ஸ் பதவியையே ஒழித்துக் கட்டினார்.

பவர்ஸை வில்லனாக மட்டும் எழுதுவது சுலபம். ஆடம்ஸ் அப்படி எழுதவில்லை. வேலை வாங்கிக் கொடுப்பது, போலீஸ் பிடித்தால் ஜாமீன் எடுப்பது, அநாதைச் சாவுக்கு அடக்கச் செலவு ஏற்பது, கிறிஸ்துமஸுக்கு வான்கோழி கொடுப்பது; 1897-ல் மட்டும் ஆறு டன் வான்கோழியும் நான்கு டன்னுக்கு மேல் வாத்தும் போயிருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்றால் டிராம் கம்பெனிகளுக்கு நகரத் தெருக்களை எழுதிக் கொடுத்ததில் வந்தது. வாங்கியவர்களுக்கு அது தெரியாமலில்லை. ஊர் சுத்தமாக இருந்தால் தன் மகனுக்கு வேலை கிடைக்குமா என்பதுதான் அவர்கள் கேள்வி. ஹல் ஹவுஸ் தேர்தலில் இறங்கிப் பார்த்தது. தங்கள் ஆண்கள் சங்கத்து ஆள் ஒருவரை வார்டின் இன்னொரு கவுன்சிலர் இடத்துக்கு ஜெயிக்க வைத்தார்கள். பவர்ஸ் அவரை விலைக்கு வாங்கினார். 1896-ல் ஒரு கொத்தனாரைப் பவர்ஸுக்கு எதிராக நிறுத்தினார்கள், தோல்வி. 1898-ல் மறுபடி தோல்வி. அதோடு வார்டு அரசியலை விட்டுவிட்டு மாநிலம், தலைநகர் என்று மேலே போய்விட்டார்கள். அது அறிவான முடிவா, தப்பித்தலா என்று இன்னும் வாதம் நடக்கிறது. எனக்கு இரண்டும் என்றே தோன்றுகிறது.

கணக்கெடுப்பு தவறான முடிவுக்கும் கொண்டுபோகும் என்பதற்கு 1902 டைஃபாய்டு நல்ல பாடம். நகர மக்கள்தொகையில் 36-ல் ஒரு பங்கு மட்டுமே உள்ள வார்டில், நகரத்தின் டைஃபாய்டு சாவுகளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. வீட்டிலிருந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் தெருத்தெருவாகப் பார்த்தார். சாக்கடை இணைப்பு இல்லாத திறந்த கழிப்பிடங்கள் மிகுந்த தெருக்களில் நோய் கூடுதல். அப்படியானால் ஈதான் கடத்துகிறது என்று, கழிப்பிடங்களில் ஈ பிடித்து கிருமி வளர்க்கும் திரவத்தில் போட்டுக் கிருமியைக் காட்டினார். சக ரெசிடென்ட்கள் 2,002 வீடுகளைப் பார்த்ததில் ஒழுங்கான குழாய்ச் சாக்கடை வசதி இருந்தவை பாதிகூட இல்லை. பெரும் கூச்சல் எழுந்தது. விசாரணை நடந்து சுகாதார இன்ஸ்பெக்டர்கள் 24 பேரில் 11 பேருக்கு வேலை போனது. பின்னால்தான் உண்மை தெரிந்தது: உள்ளூர் நீரேற்று நிலையத்தில் உடைப்பு ஏற்பட்டு, மூன்று நாள் சாக்கடை நீர் குடிநீர்க் குழாயில் கலந்திருக்கிறது. சுகாதார வாரியம் அதை மூடி மறைத்திருக்கிறது. ஈ கொள்கைக்காகவே தனக்குப் பேர் கிடைத்தது என்று ஹாமில்டன் சுயசரிதையில் வெட்கத்தோடு எழுதினார். கழிப்பிடமும் நோயும் ஒரே தெருவில் இருந்தது உண்மைதான். ஒன்றுக்கு மற்றது காரணம் என்பதுதான் பிசகு. அடுத்து ஈய நஞ்சைப் பற்றி ஆராயப் போனபோது அவர் முறை மாறியிருந்தது. தொழிற்சாலைக்குள் நேரில் போவார், ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் பெயரைத் தேடுவார், அந்த ஆள் எந்த ஆலையில், எந்த வேலையில் நின்றார் என்பது வரை பின்தொடர்வார். 1911-ல் இல்லினாயில் தொழில்நோய்ச் சட்டம் வந்ததற்கும், 1919-ல் ஹார்வர்டு தன் முதல் பெண் ஆசிரியராக அவரை எடுத்ததற்கும் அந்த உழைப்பே காரணம்.

யார் காசு கொடுத்தது என்ற கேள்வி சிறார் நீதிமன்றத்தில் பட்டவர்த்தனமாகத் தெரியும். 1899 ஜூலையில் சிகாகோவில் தொடங்கியது அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம். ஹல் ஹவுஸ் ரெசிடென்டான ஜூலியா லேத்ரப்பும் லூசி ஃப்ளவரும் பாடுபட்டுக் கொண்டுவந்தது. சட்டத்தில் நன்னடத்தை அதிகாரி என்ற பதவி இருந்தது, சம்பளம் இல்லை. சட்டம் நிறைவேறுவதற்காகவே அந்தச் செலவை எழுதாமல் விட்டார்கள். விளைவு, ஒரு கமிட்டி வீடு வீடாக நன்கொடை திரட்டி அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுத்தது. முதல் அதிகாரி ஹல் ஹவுஸில் தங்கியிருந்த அல்சினா ஸ்டீவன்ஸ். முதலில் தனியார் பணத்தில் நடத்திக் காட்டுவது, பலன் தெரிந்ததும் அரசாங்கத்தின் தலையில் கட்டுவது என்பதே செட்டில்மென்ட்களின் வழக்கமான உத்தி. நியூயார்க்கில் லிலியன் வால்ட் தன் ஹென்றி தெரு வீட்டிலிருந்து லீனா ராஜர்ஸ் என்ற நர்ஸை 1902-ல் நான்கு பள்ளிகளுக்கு ஒரு மாதம் அனுப்பிப் பார்த்ததும் இப்படித்தான். சின்னச் சொறி சிரங்குக்கெல்லாம் பிள்ளைகளை வீட்டுக்குத் துரத்திக்கொண்டிருந்த பள்ளிகளில் வருகை கூடியது, நகரம் தன் செலவில் நர்ஸ்களை நியமித்தது.

லேத்ரப் 1912-ல் வாஷிங்டனின் குழந்தைகள் நலப் பிரிவுக்குத் தலைவரானார். பதினைந்து ஊழியர்கள், ஆண்டுக்கு 25,640 டாலர். அவ்வளவு குறைந்த பணத்தில் எதைத் தொடுவது? ஜான்ஸ்டவுன் என்ற எஃகு ஆலை நகரில் ஓர் ஆண்டில் பிறந்த குழந்தைகளின் பதிவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தாயையும் தேடிப் போய்க் கேட்டார்கள். அப்பாவின் கூலி கூடக் கூடக் குழந்தைச் சாவு குறைந்தது. ஹால்ஸ்டெட் தெருவில் மனைக்கு மனை போட்ட கணக்கு நாட்டு அளவுக்கு வளர்ந்த விதம் இது.

இயக்கத்தின் பெரிய கறையையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்கு நீண்ட கை, கறுப்பின மக்களுக்குப் பெரும்பாலான வீடுகளில் நீளவில்லை. கறுப்பர்கள் குடிவந்ததும் இடத்தை மாற்றிக்கொண்ட வீடுகளும் உண்டு. அவர்கள் தங்கள் அமைப்பைத் தாங்களே கட்டினார்கள். அட்லாண்டாவில் 1908-ல் லூஜீனியா பர்ன்ஸ் ஹோப் தொடங்கிய நெய்பர்ஹூட் யூனியன் நகரத்தை மண்டலங்களாகவும், மண்டலத்தைச் சிறு வட்டாரங்களாகவும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அங்கேயே வாழும் பெண்களைப் பொறுப்பாக்கியது. வெளியிலிருந்து யாரும் வந்து குடியேறத் தேவையே இல்லாத முறை. அமைப்பு என்ற அளவில் ஹல் ஹவுஸைவிட உறுதியானது என்றுகூடச் சொல்வேன்.

1910 வாக்கில் அமெரிக்காவில் நானூறு வீடுகள். பிறகு தேய்வு. முதல் உலகப் போரை எதிர்த்த ஆடம்ஸை நன்கொடையாளர்கள் பலர் கைவிட்டார்கள். 1924-ல் குடியேற்றக் கதவு சாத்தப்பட்டது. நன்கொடையைப் பொதுவில் திரட்டிப் பங்கிடும் நிதியங்கள் வந்ததும், நகரத்துப் பெரிய முதலாளிகள் உட்கார்ந்திருக்கும் குழு பட்ஜெட்டைப் பார்த்துத் தலையசைக்க வேண்டியிருந்தது. ஸ்ட்ரைக்குக்கு இடம் கொடுக்கும் வீட்டுக்கு அங்கே என்ன மரியாதை கிடைக்கும்? பட்டம் பெற்ற சமூகப் பணியாளர்கள் சம்பளத்துக்கு வந்து மாலையில் வேறு பகுதிக்குத் திரும்பினார்கள். ஆடம்ஸ் 1935-ல் இறந்தார். 1960-களின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்துக்காக அந்தப் பகுதி முழுவதும் இடிபட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஃப்ளோரன்ஸ் ஸ்காலா தலைமையில் கோர்ட் வரை போராடித் தோற்றார்கள். பழைய வீடும் ரெசிடென்ட்களின் சாப்பாட்டுக் கூடமும் மட்டும் தப்பி அருங்காட்சியகமாயின. ஊரெங்கும் கிளைகளாகப் பிரிந்து நடந்த ஹல் ஹவுஸ் சங்கம், வருமானத்தில் பெரும்பகுதிக்கு அரசாங்க ஒப்பந்தங்களையே நம்பி, 2012 ஜனவரியில் திவாலாகி மூடியது.

அந்த இரண்டு வரைபடங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பார்ப்பதானால் நாட்டினர் வரைபடத்தையும் கூலி வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, ஒரே மனையை இரண்டிலும் தேடுங்கள். ஒரு மனைக்குள் பல நிறம் இருந்தால், எந்தப் பங்கு எவ்வளவு என்பதைத்தான் அது காட்டுகிறது. எந்த அறையில் யார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.